கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஒரு நாள்

 

இலங்கையின் வரைபடத்தை எடுத்து அதன் கிழக்குக் கரையில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் கடல் நிலத்துக்குள் வெகுதூரம் புகுந்து, குடாவுக்குள் குடாவாகக் கிளை பிரிந்திருப்பதைக் காண்பீர்கள். அதுதான் திருகோணமலை. மக்கள் சுருக்கமாகத் 'திருமலை' என்பார்கள். உலகின் மிகப்பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இது. மனிதன் கல் கொட்டி அலைதாங்கி கட்டவில்லை. மண் தோண்டி ஆழமாக்கவில்லை. மலைகளைக் காவலாக நிறுத்தி, நடுவில் ஆழ்கடலை அமைதியாக உறங்க வைத்தவன் வல்ல அல்லாஹ்! இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோ மீட்டர் ஓடி வந்து கடலில் கலப்பதும் இங்குள்ள கொட்டியாரக் குடாவில்தான்.

அரபுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு நோன்பையொட்டித்தான் நீண்ட விடுமுறை. பெருநாள் முடிந்து ஷவ்வால் மாதத்தில், குடும்பத்தோடும் மைத்துனர் குடும்பத்தோடும் இலங்கை சென்றோம். கொழும்பில் உறவினர்களைக் கண்டு விட்டுத் திருமலை வந்தோம். சித்திரை, வைகாசியில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றின் காலம். குழந்தை குட்டிகளோடு போக எண்ணுபவர்கள் இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு வேனை அமர்த்திக் கொண்டு காலையில் வடக்கே நிலாவெளிக்கும், பகலில் தெற்கே கிண்ணியா, மூதூருக்கும் போய் வருவதென்று திட்டம். அந்த ஒரு நாளில் கண்டவற்றையும் கேட்டவற்றையும், அவை எழுப்பிய ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கோட்டையும் ஒரு கல்வெட்டும்

சுபுஹு தொழுது விட்டுப் புறப்பட்டால் முதலில் கண்ணில் படுவது கோட்டை. 1622ல் போர்த்துக்கீசியர் இங்கிருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1624ல் கோட்டை எழுப்பினார்கள். பிற மதத்தவரின் வணக்கத்தலத்தை இடித்த கல்லில் எழுந்த அந்த வலிமை நிலைத்ததா? 1639ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. மறுபடியும் டச்சுக்காரர், 1795ல் மறுபடியும் ஆங்கிலேயர். 1948ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் 1957 வரை பிரிட்டிஷ் கடற்படை இங்கே தளம் வைத்திருந்தது. ஆட்சியை மனிதர்களிடையே மாறி மாறிச் சுழல விடுவதாக இறைவன் அருள்மறையில் கூறுவதற்கு இந்தக் கோட்டைச் சுவரே விரிவுரை. இப்போது அங்கே மான்கள் மேய்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்குப் பீரங்கியை விட மான்களைத்தான் பிடித்திருந்தது.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே இந்தத் துறைக்கு வந்தவர்கள் உண்டு. திருகோணமலையின் நிக்கல்சன் குடாவில் கிடைத்த பழைய அரபுக் கல்வெட்டு ஒரு கப்றின் மீசான் கல். தலைவர் பத்ருத்தீன் ஹுஸைன் பின் அலீ அல்ஹலபி என்பவருடைய மகளின் கப்று அது. 'ஹலபி' என்றால் ஹலப் ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். சிரியா நாட்டில் ஆங்கிலத்தில் அலெப்போ எனப்படும் அதே ஹலப்! பாலைவனம் கடந்து, கப்பல் மாறிக் கப்பல் ஏறி, எங்கோ உள்ள ஷாம் தேசத்திலிருந்து ஒரு குடும்பம் இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. பெற்ற மகளை இந்த மண்ணிலே அடக்கம் செய்திருக்கிறது. அவர்களுக்குக் கடல் தடையாக இல்லை. கடலேதான் அவர்களுக்குப் பாதை.

நிலாவெளிப் படகு

திருமலையிலிருந்து வடக்கே உப்புவெளி, அதைத் தாண்டி நிலாவெளி. வெண்மணலும் தெளிந்த நீரும் காணக் கண்கோடி வேண்டும். கரைக்கு எதிரே சுமார் ஒரு கிலோ மீட்டரில் புறாத்தீவு தெரிகிறது. பவளப் பாறைகளுக்காக 2003ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்னும் வடக்கே போனால் இறக்கக்கண்டிப் பாலமும், குச்சவெளியும், இல்மனைட் கனிம மணலுக்குப் பெயர்பெற்ற புல்மோட்டையும் வரும். அங்கெல்லாம் நம் சகோதரர்களின் ஊர்கள் உண்டு.

புறாத்தீவுக்குப் படகில் போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்தார்கள். படகுக்காரரும் நம்மவர்தான், ஸலாம் சொல்லி வரவேற்றார். நாங்கள் ஒன்பது பேர். படகில் கிடந்த மிதவை அங்கிகளை எண்ணினேன். ஆறு இருந்தன.

"இன்னும் மூன்று வேண்டுமே" என்றேன்.

"கிட்டத்தானே மௌலவி! அந்தா தெரியுது தீவு. அல்லாஹ்ட காவல் இருக்கு. என்னத்துக்குப் பயம்?" என்றார் அவர்.

"அல்லாஹ்வின் காவல் மேல் சந்தேகம் இல்லை தம்பி. அதைக் கேட்கும் முன் நம் பங்கைச் செய்ய வேண்டாமா?" என்றேன்.

அவர் சிரித்துக் கொண்டே பக்கத்துப் படகிலிருந்து மூன்று அங்கிகளை வாங்கி வந்தார். அதில் ஒன்று சிறுவர்களுக்கான சிறிய அளவு. இளைய மகனுக்கு அவரே வார்களை இழுத்துப் பூட்டி விட்டார். நல்ல மனிதர். கேட்டதால் அவர் கோபிக்கவில்லை. கேட்டவுடன் பொருள் கிடைத்தும் விட்டது. அப்படியானால் நம்மில் பலர் கேட்பதே இல்லை என்பதுதானே பொருள்?

தீவையும் மீன்களையும் பார்த்துத் திரும்பினோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் சகோதரரின் சொல் மட்டும் என்னோடு தெற்கே வந்தது.

சீனன்குடா வழியாக

நகரத்திலிருந்து உள்துறைமுகத்தைச் சுற்றிக் கொண்டு சாலை சீனன்குடாவுக்குப் போகிறது. மரங்களுக்கு இடையே பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலக் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்க ஆங்கிலேயர் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. இன்று அந்தத் தொட்டிகளுக்காக நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன. 2003ல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை இங்கே கால் வைத்தது; 2022 ஜனவரியில் புதிய உடன்பாடும் கையெழுத்தானது.

நான்கு நூற்றாண்டுகளாக உலகின் பெரிய நாடுகள் எல்லாம் இந்தத் தண்ணீரின் மேல் கண் வைத்திருக்கின்றன. சரி, இந்தத் தண்ணீரின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த ஏழை மக்களுக்கு அது என்ன தந்தது? கிண்ணியாவுக்கு வாருங்கள், சொல்கிறேன்.

'பாதை' என்றால் படகு!

சீனன்குடாப் பக்கத்தையும் கிண்ணியாவையும் பிரிப்பது தம்பலகாமக் குடாவின் வாய். அதன் மேல் 396 மீட்டர் நீளத்துக்குப் பாலம் நிற்கிறது. சவூதி அரசின் நிதியுதவியோடு கட்டப்பட்டு, 2009 அக்டோபரில் திறக்கப்பட்டது. இலங்கையின் மிக நீண்ட பாலம் என்று அப்போது போற்றப்பட்டது.

கிண்ணியாவில் தெரிந்த ஒருவர் வீட்டில் பகல் உணவு. லுஹர் ஜமாஅத்துக்குப் பள்ளிவாசல் சென்றோம். பயணியாக இருந்தாலும் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத்களையும் நிறைவாகத் தொழ வேண்டும் என்பதை மறந்து விடாதீர்கள். வீடு திரும்பியதும் ஆண்கள் வட்டமாக அமர்ந்து ஒரே சஹனில் சாப்பிட்டோம். பெண்களுக்கு உள்ளே தனி சஹன். கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிரும், அதன் மேல் கித்துள் பாணியும் வந்தன. இந்தப் பகுதித் தயிருக்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. சாப்பிட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை!

சாப்பாடு முடிந்து திண்ணையில் பேசிக் கொண்டிருக்கும்போது வீட்டுக்காரரின் வாப்பா, எழுபதைக் கடந்த பெரியவர், "அந்தக் காலத்துல பாதையிலதான் போவோம். பாதை அக்கரையில நிண்டா ரெண்டு மணித்தியாலம் காத்துக் கிடப்போம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பாதை எப்படி அக்கரையில் நிற்கும்? பிறகுதான் தெரிந்தது: வண்டிகளையும் மனிதர்களையும் ஏற்றிக் கரைக்குக் கரை கொண்டு போகும் மிதப்புப் படகுக்கு இப்பகுதித் தமிழில் 'பாதை' என்றே பெயர்!

"பிள்ளைப்பேறு வலி வந்த பொம்பிளைகள் துறையில காத்திருந்திருக்காங்க மௌலவி. ராவையில பாதை ஓடாது. விடியும் மட்டும் துஆதான்" என்றார் பெரியவர்.

கிண்ணியாவில் மட்டுமல்ல, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மட்டக்களப்புச் சாலை நெடுகிலும் முன்பு நீர்த்துறைகள். பிரெஞ்சு நாட்டு உதவியில் கட்டப்பட்ட பாலங்கள் 2011ல் திறக்கப்பட்ட பிறகே அந்தச் சாலை ஒரே ஓட்டமாக ஓடத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி வந்தபோது இந்தப் பாலங்கள் எதுவும் இல்லை. கிண்ணியாவின் மருத்துவமனையையும் அன்று கடல் விட்டு வைக்கவில்லை. காயம்பட்டவர்களை எந்த வழியாக, எங்கே கொண்டு போவது? எண்ணிப் பாருங்கள்.

குறிஞ்சாக்கேணி

பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 2021ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார்.

கிண்ணியாவுக்கும் குறிஞ்சாக்கேணிக்கும் நடுவே களப்பு ஒன்று உள்ளது. அங்கிருந்த பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியிருந்தது. அதுவரை மக்கள் கடக்க ஒரு 'பாதை' ஓடியது. 2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேரம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக் கொண்டு போன அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே 6 பேர் வபாத்தானார்கள். பள்ளிக்கூடச் சிறார்களும் அவர்களில் இருந்தார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை மேலும் கூடியது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

சீருடையும் புத்தகப் பையுமாக வீட்டை விட்டுப் போன பிள்ளை, மையித்தாகத் திரும்பி வருவதை எந்த உம்மா தாங்குவாள்? இலங்கை முழுவதும் அன்று அழுதது. பெரியவர் கண்களைத் துடைத்துக் கொண்டு, "தண்ணியில மூழ்கினவங்க ஷஹீது எண்டு ஹதீஸ் இருக்குதானே மௌலவி?" என்று கேட்டார்.

"ஆம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஆதாரப்பூர்வமாக உள்ளது" என்றேன். அந்த முதியவரின் உள்ளத்துக்கு அந்த விடை போதும். அந்த இடத்தில் அதற்கு மேல் பேசுவது அழகல்ல. ஆனால் வாசகர்களாகிய உங்களோடு மேலும் பேச வேண்டியிருக்கிறது.

ஆறுதல் யாருக்கு? கேள்வி யாருக்கு?

மூழ்கி இறந்தவர் ஷஹீதின் நன்மையைப் பெறுவார் என்ற நற்செய்தி, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழங்கிய ஆறுதல். ஓட்டைப் படகை ஓட்டியவனுக்கும், பத்துப் பேர் ஏற வேண்டிய இடத்தில் முப்பது பேரை ஏற்றியவனுக்கும், பார்த்தும் பாராமல் இருந்தவனுக்கும் வழங்கிய விடுதலைப் பத்திரம் அல்ல! நம் மேடைகளில் சில வேளை இரண்டும் கலந்து விடுகின்றன. விபத்து நடந்தால் "கத்ர், அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிப் பாயைச் சுருட்டி விடுகிறோம். நாட்டம் அவனுடையதே, அதில் ஈமான் கொண்டவர்கள்தான் நாம். ஆனால் கவனக்குறைவுக்கு நாளை மறுமையில் கணக்குக் கேட்பவனும் அவனே அல்லவா?

ஒட்டகத்தைக் கட்டி விட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டு வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்). திர்மிதியில் வரும் இந்தச் செய்தியை அறியாதவர் யார்? கடல் பற்றியே நேராக ஓர் அறிவிப்பும் உண்டு. கடல் கொந்தளிக்கும் வேளையில் அதில் பயணம் புறப்பட்டு இறந்து போகிறவரையும், தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்கி விழுந்து இறப்பவரையும் விட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கி விட்டது என்ற கருத்தில் இமாம் புகாரி (ரஹ்) தம் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைப்பதைக் கூட மார்க்கமாகக் கற்றுத் தந்த நபியின் உம்மத், படகுக்கு மிதவை அங்கி வைப்பதை அரசாங்கத்தின் வேலை என்று மட்டும் எண்ணலாமா?

ஈமானின் கிளைகளில் கடைசியானது பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது என்று நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டுகிறோம். பாதை என்றால் படகு என்று பேசும் ஊரில் அந்த ஹதீஸை ஓதும்போது, முள் என்பது உடைந்த பலகை. கல் என்பது அளவுக்கு மீறிய பாரம்! இராக்கின் பாதையில் ஒரு கால்நடை இடறி விழுந்தாலும், அதற்கு வழியைச் சீர் செய்யவில்லையே என்று தம்மிடம் கேட்கப்படுமோ என அஞ்சியவர்கள் உமர் (ரலி) அவர்கள். கால்நடைக்கே அந்த அச்சம் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு?

இது இலங்கையின் கதை மட்டுமல்ல. 2011 டிசம்பர் 25 அன்று நம் பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். விடுமுறை, பெருநாள் மகிழ்ச்சி, குடும்பம், படகு! நிலாவெளிக் கரையில் நாங்கள் நின்ற அதே நிலைதான்.

மூதூர் மாலை

கிண்ணியாவிலிருந்து உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களைக் கடந்து அஸருக்குப் பின் மூதூர் சேர்ந்தோம். 1660ல் இராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இந்தக் கொட்டியாரக் கரையில்தான் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்து தப்பி, 1681ல் அவர் வெளியிட்ட நூல் இலங்கை வரலாற்றில் புகழ் பெற்றது.

மூதூரின் அண்மைக் கால வரலாறு கண்ணீரால் எழுதப்பட்டது. 2006 ஆகஸ்டில் இங்கே போர் மூண்டபோது மக்கள் பள்ளிக்கூடங்களிலும் அரபுக் கல்லூரியிலும் தஞ்சம் புகுந்தார்கள். அடைக்கலம் புகுந்த இடத்திலும் ஷெல்கள் விழுந்தன. பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து கந்தளாய் நோக்கிக் கால்நடையாகச் சென்றார்கள். அதே நாட்களில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 17 பேர் இங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். துன்பம் ஒரு சமூகத்தோடு நிற்கவில்லை.

அரபுக் கல்லூரியில் ஓதிக் கொடுக்கும் எனக்கு, ஷெல் விழுந்த வகுப்பறையை நினைத்தாலே நெஞ்சு நடுங்கியது. 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 3,80,000. பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள், மீதிப் பேர் தமிழரும் சிங்களவரும். மூவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள். மூவரின் பிள்ளைகளும் அதே தண்ணீரைத்தான் கடக்கிறார்கள். பாலம் எந்தச் சமூகத்தவர் என்று கேட்பதில்லை.

மூதூர் இறங்குதுறையில் நின்று பார்த்தால் குடாவின் அப்பால் திருமலை விளக்குகள் தெரிகின்றன. மஃரிப் தொழுது விட்டு, பாலங்கள் வழியாகவே நகரம் திரும்பினோம். நான்கு பாலங்களையும் கடக்கும்போது, அவற்றைக் கட்டியவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் துஆச் செய்தோம். மனிதர்கள் பயன்பெறும் வரை நன்மை ஓடிக் கொண்டிருக்கும் ஸதகத்துல் ஜாரியாவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

சகோதர, சகோதரிகளே! இந்த விடுமுறையில் நீங்களும் எங்காவது படகு ஏறுவீர்கள். ஏறும் முன் மிதவை அங்கிகளை எண்ணுங்கள். தலைக்கு ஒன்று இல்லையெனில் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். பாரம் அதிகமென்றால் இறங்கி விடுங்கள். கொடுத்த பணம் போனாலும் போகட்டும். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் ஊரில் பிள்ளைகள் ஆற்றையோ ஓடையையோ இரயில் தண்டவாளத்தையோ கடந்து பள்ளிக்கும் மதரஸாவுக்கும் போகிறார்களா என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். மினாராவை உயர்த்தும் முன் அந்த வழியைச் சீர் செய்யுங்கள். அரசிடம் மனுக் கொடுக்க வேண்டுமானால் ஊரின் மற்றச் சமூகத்தவரையும் சேர்த்துக் கொண்டு செல்லுங்கள்.

குறிஞ்சாக்கேணியில் மறைந்த அனைவருக்கும் அல்லாஹ் மேலான சுவனபதியை வழங்குவானாக! பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவானாக! நம் பிள்ளைகளைக் கரையிலும் கடலிலும் காப்பானாக! அவர்களைக் காக்கும் கடமையை நாம் மறவாமல் நிறைவேற்ற நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.